ஐரிஷ் மொழியின் ‘தூன்த்த’ பெயரெச்சம் ஆகுமா? பேரனிடம் மாட்டிக்கொண்ட தமிழாசிரியரின் ஐயம்

கேள்வி: திருநகர் ஓய்வாசிரியர்

அன்பர்களுக்கு வணக்கம். மதுரை திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். என் மகள் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரில் பணிபுரிகிறாள். அவளுடைய மகனுக்குப் பத்து வயது ஆகிறது. எல்லாப் பாடங்களையும் ஐரிஷ் மொழியிலேயே நடத்தும் பள்ளியொன்றில் படிக்கிறான். ஞாயிறுதோறும் காணொளி அழைப்பில் அவனுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும், எனக்கு அவன் ஐரிஷ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அவன் உச்சரித்துக் காட்டியதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி ஒரு நோட்டுப் புத்தகம் நிரப்பிவிட்டேன். கீழே வரும் சொற்கள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

இரண்டு வாரங்களுக்கு முன், “சாப்பிட்டாயிற்றா தாத்தா?” என்று கேட்டான். ‘தா’ என்றால் இருக்கிறது, ‘மே’ என்றால் நான், ‘இட்டெ’ என்றால் உண்ட என்று குறித்து வைத்திருந்ததால், மூன்றையும் சேர்த்துத் “தா மே இட்டெ” என்று பெருமையாகச் சொன்னேன். பையன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “தாத்தாவை எதுவோ தின்றுவிட்டதாம்” என்று தன் அம்மாவிடம் ஓடிப்போனான். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை.

செந்தமிழ்க் கல்லூரியில் படித்த காலத்தில் நன்னூலை நெட்டுருப் போட்டவன் என்பதால், எந்த மொழியைப் பார்த்தாலும் அதன் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று பிரித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ‘தூன்த்த’ என்பதற்கு மூடிய என்றும், ‘பிரிஷ்டெ’ என்பதற்கு உடைந்த என்றும், ‘ஷ்க்ரீஃப’ என்பதற்கு எழுதிய என்றும் பேரன் பொருள் சொன்னபோது, இவை பெயரெச்சங்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். அப்படியானால் ‘உண்ட நான்’ என்பது ஏன் ‘உண்ணப்பட்ட நான்’ ஆயிற்று? அந்தச் சொல்லில் காலம் எங்கே இருக்கிறது? காலம் வெளிப்படாமல் நிற்பதால் இதை வினைத்தொகை என்று கொள்ளலாமா? ‘எழுதுகின்ற’ என்பதற்கு நேரான வடிவம் கேட்டால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பேரன் சாதிக்கிறான். ஒரு மொழியில் நிகழ்காலப் பெயரெச்சம் இல்லாமல் போகுமா? விகுதியும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. ஓரிடத்தில் ‘த்த’, ஓரிடத்தில் ‘டெ’, ஓரிடத்தில் ‘ஃப’ என்று வருகிறது. ‘செய்த’ என்பதிலுள்ள தகரத்துக்கும் இந்தத் தகரத்துக்கும் உறவு ஏதும் உண்டா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன். தமிழ் இலக்கணச் சொற்களாலேயே விளக்கினால் எனக்கும் எளிது, பேரனுக்கு அந்தச் சாக்கில் தமிழ் இலக்கணமும் கொஞ்சம் போய்ச்சேரும்.


மறுமொழி: நாகமலை ஆய்வு மாணவி

ஐயா, வணக்கம். மொழியியல் ஆய்வு மாணவி என்ற முறையில் பழைய ஐரிஷ் இலக்கணத்தைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். பேச்சு வழக்கில் எனக்குப் பழக்கம் குறைவு. இலக்கண அளவில் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் ஐயத்துக்கான விடை ‘எச்சம்’ என்ற பெயரிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பெயரெச்சத்தை எச்சம் என்று அழைப்பதற்குக் காரணம், தன்னை முடித்துவைக்க ஒரு பெயரை எதிர்நோக்கி அது எஞ்சி நிற்பதுதான். ‘மூடிய’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் ‘எது?’ என்று காத்திருப்பார். ‘கதவு மூடிய இருக்கிறது’ என்று தமிழில் யாரும் சொல்லமாட்டார்கள். ஐரிஷில் ‘தா அன் தொரஸ் தூன்த்த’ என்பது குறையேதும் இல்லாத முழு வாக்கியம். ‘தா’ இருக்கிறது, ‘அன் தொரஸ்’ கதவு, கடைசியில் நின்று வாக்கியத்தை முடித்துவைப்பது ‘தூன்த்த’. முடித்துவைக்கும் சொல்லை எச்சம் என்று எப்படிச் சொல்வது? ‘பெரிய’ என்பதும் தமிழில் குறிப்புப் பெயரெச்சம்தானே என்று நீங்கள் மடக்கலாம். அது சரிதான், தமிழில் ‘பெரிய’ என்பது பயனிலையாக நிற்க வேண்டுமானால் ‘பெரியது’ என்று உருமாற வேண்டும். ஐரிஷில் பண்பைக் குறிக்கும் எந்தச் சொல்லும் உருமாறாமல் பயனிலையாக நிற்கும். வினையிலிருந்து பிறந்த இந்தச் சொல்லும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அவர்களுடைய இலக்கணத்தில் இதற்கு ‘வினைவழிப் பெயரடை’ என்ற பொருள்படும் பெயரே வழங்குகிறது.

பெயரடைக்குரிய இன்னோர் அடையாளமும் இதற்கு உண்டு. பெண்பாற் பெயருக்குப் பின் வரும் பெயரடையின் முதல் மெய் ஐரிஷில் நெகிழ்ந்து ஒலிக்கும். மணமான ஆண் ‘ஃபார் போஸ்த்த’, மணமான பெண் ‘பான் ஃபோஸ்த்த’. உடைந்த சன்னல் ‘ஃபின்யோக் வ்ரிஷ்டெ’. அதுவே பயனிலையாகும்போது நெகிழாமல் ‘தா அன் இன்யோக் பிரிஷ்டெ’ என்று வரும். (‘அன்’ என்ற சுட்டுச்சொல் முன்னால் வந்ததும் ‘ஃபின்யோக்’ என்பதன் முதல் ஒலி மறைந்து ‘இன்யோக்’ ஆகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். நம் புணர்ச்சியில் வல்லெழுத்து மிகும். அங்கே வல்லெழுத்து மெலிந்து, சில இடங்களில் ஆளே காணாமற்போகும்.)

காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ‘தூன்த்த’ என்ற சொல்லுக்குள் காலம் இல்லை. செயல் முடிந்தபின் எஞ்சிய நிலை மட்டுமே இருக்கிறது. ஆனாலும் அதை வினைத்தொகை என்று கொள்வதை நான் ஏற்கமாட்டேன். ‘ஊறுகாய்’ என்பது ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் என்று முக்காலத்துக்கும் இடம் தரும். ‘தூன்த்த’ அப்படி இடம் தராது. இனி மூடப்போகும் கதவையோ மூடிக்கொண்டிருக்கும் கதவையோ அந்தச் சொல்லால் குறிக்க முடியாது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்ற ஆறும் பெயரெச்சத்தை முடிக்கும் பெயராக வரலாம் என்று நன்னூல் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. பூக்காரம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பூக் கட்டிய அம்மா, பூக் கட்டிய நார், பூக் கட்டிய திண்ணை, பூக் கட்டிய நேரம், அம்மா கட்டிய பூ என்று ஒரே ‘கட்டிய’ எல்லா உறவையும் தாங்குகிறது. கட்டுதலுக்கான ஐரிஷ் வினைவழிப் பெயரடையான ‘கங்கில்டெ’ பூவை மட்டுமே குறிக்கும். அம்மாவுக்கு அதை அடையாக்கினால் அம்மாவைக் கயிற்றால் கட்டிவைத்ததாகப் பொருள்படும். உங்கள் ‘தா மே இட்டெ’ விபத்தும் இதே வகைதான். செயப்படுபொருள் குன்றா வினையிலிருந்து பிறந்த இச்சொல் பெரும்பாலும் செயலுக்கு ஆட்பட்டதையே சாரும். உண்டல் என்ற செயலுக்கு ஆட்படுவது உணவு, உண்டவர் அல்லர்.

தமிழில் உடைந்த, உடைத்த என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவம் வைத்திருக்கிறோம். தானாக உடைந்ததா, ஒருவர் உடைத்ததா என்பதைச் சொல்லாமல் தமிழில் அந்தப் பெயரெச்சத்தை வாயெடுத்துச் சொல்லவே முடியாது. ‘பிரிஷ்டெ’ என்பதில் அந்த வேறுபாடு இல்லை. பேரன் பந்தடித்துச் சன்னலை உடைத்தாலும் ‘பிரிஷ்டெ’ என்ற சொல் அவனைக் காட்டிக்கொடுக்காது.

அப்படியானால் தமிழ்ப் பெயரெச்சம் செய்யும் வேலையை ஐரிஷில் எது செய்கிறது என்று கேட்டால், வினைமுற்றைக் கொண்ட தனி வாக்கியமொன்று ‘அ’ என்ற சிறு இடைச்சொல்லின் துணையோடு பெயருக்குப் பின் வந்து நிற்கிறது. கடிதம் எழுதிய மனிதன் ‘அன் ஃபார் அ ஷ்க்ரீவ் அன் லிட்டிர்’. இங்கே ‘ஷ்க்ரீவ்’ என்பது இறந்தகால வினைமுற்று. கருவியோ இடமோ ஆனால் வேறோர் அமைப்பு வந்து, ‘அதனோடு’ என்பது போன்ற ஒரு சொல் வாக்கியத்தின் கடைசியில் திரும்ப வரும். நான் ரொட்டி வெட்டிய கத்தி என்பதை, ‘கத்தி, நான் ரொட்டி வெட்டினேன் அதனோடு’ என்ற போக்கில் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘அன் ஃபார் அ வூயில் அன் பூஅஹில்’ என்றால் பையனை அடித்த மனிதன் என்றும் கொள்ளலாம், பையன் அடித்த மனிதன் என்றும் கொள்ளலாம். இடம் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். நமக்கு இரண்டாம் வேற்றுமை உருபு ஒன்றே அந்த வழக்கைத் தீர்த்துவைக்கிறது. திராவிட மொழிகள் (ஆங்கிலத்தின் who, which போன்ற) இணைப்புப் பதிலிப்பெயரின் உதவியின்றிப் பெயரெச்சத்தாலேயே இவ்வுறவுகளைக் காட்டுவதை விரிவாக எழுதிய கால்டுவெல், 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர். அவருடைய ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. ஐரிஷ் உள்ளிட்ட கெல்டிய மொழிகளுக்கு ஜெர்மானியரான சாய்ஸ் எழுதிய ஒப்பிலக்கணம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1853-இல் வெளிவந்திருந்தது.

நிகழ்கால வடிவம் இல்லை என்று பேரன் சொன்னது முற்றிலும் சரி. அந்த இடத்தை அங்கே தொழிற்பெயர் நிரப்புகிறது. நான் உண்கிறேன் என்பது ‘தா மே எக் இஹெ’. ‘இஹெ’ என்பது உண்ணல், ‘எக்’ என்பது ஏழாம் வேற்றுமையின் ‘இடம்’, ‘கண்’ போன்ற முன்னிடைச்சொல். ஆக, ‘உண்ணலின்கண் இருக்கிறேன்’. பின்னால் வருவது பெயர்தான் என்பதற்குச் சான்று, அதன் செயப்படுபொருள் ஆறாம் வேற்றுமை ஏற்பதே. கதவு ‘தொரஸ்’, கதவை மூடிக்கொண்டிருக்கிறேன் என்னும்போது ‘தா மே எக் தூன அன் தொரிஷ்’, அதாவது கதவினது மூடலின்கண் இருக்கிறேன். தொழிற்பெயர்களை அமைப்பதில் நம்மைப் போலவே அவர்களும் தாராளம் காட்டுகிறார்கள். ‘ஓல்’ (குடி), ‘ரிஹ்’ (ஓடு) போன்ற வினைகளில் பகுதியே விகுதி ஏற்காமல் தொழிற்பெயராகும். முதனிலைத் தொழிற்பெயர் என்று பேரனுக்குச் சொல்லிவிடலாம். மற்ற வினைகள் பலவிதமான விகுதிகளைப் பெறும். அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

பழங்காலத்தில் செய்பவரைக் குறிக்கும் நிகழ்கால எச்ச வடிவம் அம்மொழியின் மூதாதையில் இருந்தது. இன்று அதன் மிச்சம் சில பெயர்ச்சொற்களில் மட்டுமே தங்கியிருக்கிறது. நண்பர் என்று பொருள்படும் ‘கர’ என்ற சொல் தொடக்கத்தில் ‘நேசிக்கின்ற’ என்ற எச்சம். ஒருமையில் காணாமற்போன அதன் பழைய விகுதி, ‘கார்டெ’ என்ற பன்மையில் டகரமாகத் தலைகாட்டுகிறது. நம் வழக்கில் வினையாலணையும் பெயர் நாளடைவில் வெறும் பெயராக உறைந்துபோவதைப் போன்றது இது.

விகுதி ஒன்றுதான், சூழலுக்கேற்ப ஒலி மாறுகிறது. ஐரிஷில் ஒவ்வொரு மெய்க்கும் அகன்ற ஒலி, ஒடுங்கிய ஒலி என இரண்டு உண்டு. ‘ஒடுங்கியதோடு ஒடுங்கியது, அகன்றதோடு அகன்றது’ என்ற விதி பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். அகன்ற மெய்க்குப் பின் ‘த்த’ (தூன்த்த, ஓல்த்த), ஒடுங்கிய மெய்க்குப் பின் ‘டெ’ (பிரிஷ்டெ). சில மெய்களுக்குப் பின் விகுதியின் தகரம் வெறும் மூச்சொலியாகி, முன்னிற்கும் மெய்யை வன்மையாக்கிவிட்டுத் தான் மறைந்துவிடும். ‘ஷ்க்ரீவ்’ என்பதன் வகரமும் அந்த மூச்சொலியும் சேர்ந்தே ‘ஷ்க்ரீஃப’ ஆயிற்று. பழைய எழுத்துக்கூட்டலில் இரண்டு ஒலிகளையும் தனித்தனியே எழுதினார்கள். எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் 1958-இல் வெளிவந்த அரசின் தர இலக்கணத்துக்கும் பிறகு, ஒலிப்பதுபோலவே ஃபகரமாக எழுதுகிறார்கள். வந்த என்பதற்கான சொல்லில் எழுத்தில் மெல்லிய ககரம் இருந்தும் வாயில் ‘தக்க’ என்று அழுத்தமாக வருவதற்கும் இதுவே காரணம்.

கடைசியாக உறவுமுறை. ‘செய்த’ என்பதிலுள்ள தகரம் காலம் காட்டும் இடைநிலை. அதற்கும் ஐரிஷ் விகுதிக்கும் தொடர்பில்லை. ஐரிஷ் விகுதியின் உண்மையான ஒன்றுவிட்ட உடன்பிறப்பு நம்மிடம் வேறு வேடத்தில் இருக்கிறது. வடமொழியில் ‘லிகித’ என்றால் எழுதப்பட்ட, ‘புத்த’ என்றால் விழிப்படைந்த. நம் தாத்தாக்கள் கடிதத்தை லிகிதம் என்று எழுதினார்கள் அல்லவா, அந்த ஈற்றுத் தகரமும் ஐரிஷ் விகுதியும் ஒரே இந்தோ ஐரோப்பிய மூலத்திலிருந்து கிளைத்தவை.


மறுமொழி: மேலூர்ச் செவிலி

வணக்கம் ஐயா. எனக்குச் சொந்த ஊர் மேலூர். ஒன்பது ஆண்டுகளாகக் கால்வே பக்கம் செவிலியாக இருக்கிறேன். மேற்கே ஐரிஷ் பேசும் ஊர்களிலிருந்து வரும் முதியவர்களிடம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டது என்பதால், தங்கை எழுதிய அளவுக்கு எனக்கு இலக்கணம் வராது. அவர் சொன்னவற்றில் ஓரிரண்டை மட்டும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘பெரும்பாலும் செயலுக்கு ஆட்பட்டதையே சாரும்’ என்பதைச் செயப்படுபொருள் குன்றா வினைக்கு மட்டும் என்று அவர் எச்சரிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் பேரனுக்குச் சொல்லும்போது அந்த எச்சரிக்கை விடுபட்டுப்போகும். போதல், வருதல் போன்ற வினைகளில் இச்சொல் செய்தவரையே சாரும். ‘தா ஷே இமிஹெ’ என்றால் அவர் போய்விட்டார். ‘தா ஷே தக்க’ என்றால் அவர் வந்துவிட்டார். இங்கே செயப்பாட்டுப் பொருள் எதுவும் இல்லை. முதல் குளிர்காலத்தில் நான் அதிகம் கேட்ட சொல் ‘தா மே ப்ரேஹ்த்த’, அதாவது குளிரில் விறைத்துப்போனேன். மேலூர் வெயிலில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செய்தவரைச் சொல்லவே முடியாது என்று யாரும் எண்ணிவிடவும் வேண்டாம். எழுவாயாகச் சொல்ல முடியாது என்பதுதான் சரி. ‘எக்’ என்ற அதே முன்னிடைச்சொல்லைப் போட்டுச் செய்தவரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். கோடைமாலையில் கடற்கரைப் பக்கம் போய்வந்தவர்கள் ‘தா மே இட்டெ எக் ந மீல்தோக’ என்று சொறிந்துகொண்டே வருவார்கள். கொசுவைப் போன்ற சிறு பூச்சிகள் என்னைத் தின்றுவிட்டன என்பது அதன் பொருள். ஆகவே உங்கள் ‘தா மே இட்டெ’ இலக்கணப்படி பிழையான வாக்கியமே அல்ல, ஐயா. என்ன தின்றது என்பதைச் சேர்க்காமல் விட்டதால்தான் பேரன் பயந்திருப்பான்.

சாப்பிட்டுவிட்டேன் என்பதற்கு இங்கே இரண்டு வழிகள் உண்டு. எதைச் சாப்பிட்டீர்கள் என்பது பேச்சில் இருந்தால் ‘தா ஷே இட்டெ அகம்’ எனலாம். ‘அகம்’ என்பது ‘எக்’ என்பதோடு ‘நான்’ சேர்ந்த வடிவம். என்னிடம் என்று பொருள். நம் அகம் புறம் என்பதன் அகத்தைப் போலவே ஒலித்தாலும் இரண்டுக்கும் உறவில்லை. ஐரிஷிலும் தமிழைப் போலவே உடைமையைக் குறிக்கத் தனி வினை கிடையாது. என்னிடம் பணம் இருக்கிறது என்று நாம் சொல்வதைப் போல ‘தா அரிகிட் அகம்’ என்பார்கள். அந்த அமைப்பிலேயே செய்து முடித்ததையும் சொல்கிறார்கள்: அது உண்ட நிலையில் என்னிடம் இருக்கிறது. இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘தா மே தர் ஏஷ் இஹெ’, அதாவது உண்ணலுக்குப் பின் இருக்கிறேன். அடுத்த ஞாயிறு பேரன் கேட்டால் இதையே சொல்லுங்கள், சிரிக்கமாட்டான்.

மூடிய, எழுதிய என்று பெயரெச்சத்தால் பொருள் எழுதிவைத்ததுதான் நோட்டில் நேர்ந்த தவறு என்று எனக்குப் படுகிறது. நம் ஊர்ப் பேச்சிலேயே மிகப் பொருத்தமான வடிவம் இருக்கிறது. கடிதம் எழுதியாயிற்று, பூக் கட்டியாயிற்று, சோறு வடித்தாயிற்று என்கிறோம். யார் எழுதினார், யார் வடித்தார் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. ‘தா அன் லிட்டிர் ஷ்க்ரீஃப’ என்பது அப்படியே ‘கடிதம் எழுதியாயிற்று’. இங்குள்ள தாய்மார்கள் பிள்ளைகளைப் பார்த்து மாலைதோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘அன் வில் தொபிர் வால்யெ டேன்த்த அகத்?’ இதை மேலூரில் என் அம்மா கேட்டிருந்தால் ‘வீட்டுப்பாடம் செய்தாயிற்றா?’ என்றுதான் கேட்டிருப்பார். அகத் என்றால் உன்னிடம்.

நிகழ்காலத்துக்குத் தொழிற்பெயர் வரும் என்று தங்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். உறங்குதல், நிற்றல், உட்கார்தல் போன்ற நிலைகளுக்கு ‘எக்’ என்பதற்குப் பதிலாக ‘தன்னுடைய இன்னதில்’ என்ற அமைப்பே இயல்பாக வரும். ‘தா ஷே இன ஹொல்ல’ என்றால் அவன் தன் தூக்கத்தில் இருக்கிறான். இரவுப் பணியில் நோயாளியின் உறவினர் தொலைபேசியில் விசாரிக்கும்போது நான் தினமும் சொல்லும் வாக்கியம் இதுதான். நாமும் ‘தூக்கத்தில் இருக்கிறார்’ என்றுதானே சொல்கிறோம்.


மறுமொழி: சோழவந்தான், இப்போது கிளாஸ்கோ

ஸ்காட்லாந்துக் கேலிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரண்டையும் ஒன்றாக எண்ணி இணையத்தில் தேடினால் குழப்பம் வரும். இங்கேயும் வினைவழிப் பெயரடை உண்டு. மூடிய கதவைக் குறிக்க ‘ஹா ன் தொரஸ் தூய்ன்ச்செ’ என்பார்கள். அயர்லாந்தில் அகன்று ஒலிக்கும் சொல் இங்கே ஒடுங்கி ஒலிக்கிறது. ஆனால் அதன் ஆட்சி அயர்லாந்தில் இருக்குமளவுக்கு இங்கே இல்லை. மணமான, உடைந்த, தொலைந்த என்பன போன்ற நிலைச் சொற்களில்தான் அது அதிகம் புழங்குகிறது. கடிதம் எழுதிவிட்டேன் என்பதற்கு ‘ஹா மி எர் அன் லிஹ்ச்சிர் அ ஸ்க்ரீவக்’ என்று தொழிற்பெயரையே பயன்படுத்துகிறார்கள். இந்த ‘எர்’ இன்றைய காதுக்கு ‘மேல்’ என்ற சொல்லைப் போலக் கேட்டாலும், ‘பின்’ என்று பொருள்பட்ட பழைய சொல் ஒன்று அதனோடு ஒலியில் கலந்துவிட்டதாக இலக்கண நூலார் சொல்கிறார்கள். செவிலியம்மா சொன்ன ‘தர் ஏஷ்’ என்பதன் வேலையையும், அதைவிடப் பரந்த வேலையையும் இது ஒன்றே செய்கிறது. பேரன் படிப்பது அயர்லாந்து மொழி என்பதால், ஐயா இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தால் போதும்.


மறுமொழி: திருநகர் ஓய்வாசிரியர்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ‘முடித்துவைக்கும் சொல்லை எச்சம் என்று எப்படிச் சொல்வது’ என்ற கேள்வியைப் படித்ததும், நாற்பது ஆண்டுகள் இதைப் பிள்ளைகளுக்கு நடத்திய நான் இந்தக் கோணத்தில் எண்ணிப்பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. நோட்டில் பொருள் எழுதிய பக்கங்களை எல்லாம் அடித்துவிட்டு ‘ஆயிற்று’ வடிவத்தில் மாற்றி எழுதிவிட்டேன்.

நேற்று வீட்டுப்பாடமாக எனக்கு நானே மூன்று தொடர்களை வைத்துக்கொண்டேன். பாடம் படித்தாயிற்று என்பதற்கு ‘தா அன் கியாஹ்த் லேட்டெ அகம்’ என்று எழுதினேன். அழுகின்ற குழந்தை என்பதற்கு, இருக்கிறது என்பதன் இணைப்பு வடிவத்தை அகராதியில் பார்த்து ‘அன் பாஷ்டெ அதா எக் கீனெ’, அதாவது அழுகையின்கண் இருக்கும் குழந்தை என்று எழுதினேன். மூன்றாவது, அழுத குழந்தை. அழுகை முடிந்துவிட்டது, எஞ்சிய நிலையைத்தான் சொல்கிறோம், போதல் வருதலைப் போல அழுபவரையே சாரும் வினை என்று கணக்குப் போட்டு, ‘கீன்’ என்ற பகுதியோடு ‘டெ’ விகுதியைச் சேர்த்துப் ‘பாஷ்டெ கீன்டெ’ என்று எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை.


மறுமொழி: மேலூர்ச் செவிலி

ஐயா, முதல் இரண்டும் மிகச் சரி. மூன்றாவதை மட்டும் பேரனிடம் சொல்லிவிட வேண்டாம். ‘கீன்’ என்ற வினைக்கு அழுதல் என்பதோடு, இறந்தவரை நினைத்துப் புலம்புதல் என்ற பொருளும் உண்டு. பழைய நாளில் இங்கே சாவு வீட்டில் பெண்கள் கூடிப் பாடிய ஒப்பாரிக்கும் அந்த வினையிலிருந்து வந்த தொழிற்பெயர்தான் பெயர். அந்தப் பொருளில் அது செயப்படுபொருள் குன்றா வினை. ஆகையால் ‘பாஷ்டெ கீன்டெ’ என்று எழுதினால், ஒப்பாரி வைத்து அழப்பட்ட குழந்தை என்று ஆகிவிடும். அழுத குழந்தையை ‘அன் பாஷ்டெ அ ஹீன்’ என்று, தங்கை காட்டிய ‘அ’ போட்ட வாக்கியமாகவே எழுதுங்கள். முதல் மெய் நெகிழ்ந்து ககரம் மூச்சொலியாகும் என்பதை மறக்க வேண்டாம்.